பட்டியலின் கடைசியில் எங்கள் தோட்டம்

1. மூன்று வேலைகள்

நான் இணைப்புச் செயலாளராகச் சேர்ந்த முதல் நாளே புதிய எம்.பி. என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். அரசியலுக்கு வருமுன் மலையகத்தில் அக்கரப்பத்தனைப் பக்கத்தில் படிப்பித்தவர் அவர். எம்.பி. ஆன பிறகும் எல்லோருக்கும் டீச்சர்தான். தாளில் மூன்று விஷயங்கள் இருந்தன. அரிசி, பருப்பு, சீனிக்கு வரியைக் குறைக்கச் சொல்லிப் பேச வேண்டும். வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிறவர்கள் முழுசாக வீடு திரும்ப வேண்டும். இந்த மலையில் விளையும் பணத்தில் ஒரு பங்கு இந்த மலையிலேயே செலவாக வேண்டும்.

"இதுக்கு வெளிய யாராச்சும் வேலை கொண்டுட்டு வந்தா, டீ குடுத்து அனுப்பிருங்க அண்ணே," என்றார்.

டீ நிறையவே கொடுத்தேன். என் முக்கியமான வேலை கடிதங்களைத் தரம் பிரிப்பது. அபிவிருத்தி நிதி கேட்டு ஒவ்வொரு தேயிலைத் தோட்டத்திலிருந்தும் கடிதம் வரும். எது அவசரம், எது பொறுக்கும் என்று பார்த்துப் பட்டியல் டைப் செய்து டீச்சரின் கையெழுத்துக்கு வைப்பேன். நிதி பட்டியலின் பாதிவரைதான் வரும். மற்றது அடுத்த வருஷம்.

நானும் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பிறந்தவன்தான். படித்து, கிளார்க் ஆகி, ஹட்டனில் வீடு கட்டிக்கொண்டவன். அதனால் எனக்கு நானே ஒரு சட்டம் போட்டிருந்தேன். நான் பிறந்த தோட்டத்திலிருந்து என்ன கடிதம் வந்தாலும் அது பட்டியலில் கடைசி. 'செக்ரட்டரி தன் ஊருக்குச் செஞ்சுக்கிட்டான்' என்று ஒரு வாய் பேசிவிடக் கூடாது. நாலு வருஷம் அப்படியே செய்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

2. கொழுந்து நிறுக்கும் இடத்தில்

நாலாவது வருஷப் பட்டியலை, பழைய பட்டியல்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, டீச்சர் கீழிருந்து படித்தார். ஏன் அப்படிப் படித்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"ஓடைக்குப் பாலம் கேட்டிருக்காங்க. இது ஒங்க தோட்டம்தானே? நாலு வருஷமா கடைசியிலயே நிக்குதே."

பெருமையோடு காரணத்தைச் சொன்னேன். தோட்டத்து ஆட்கள் உள்ளூர்ச் சபையிலும் கேட்டுப் பார்த்தார்களாம், வீடு நிலத்துக்கு ஆதன வரி கட்டாத இடத்துக்குச் செலவு செய்ய முடியாது என்று சபையில் சொல்லிவிட்டார்களாம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். டீச்சர் குடையை எடுத்தார். "வாங்க, போய்ப் பாத்துட்டு வருவோம்."

நாங்கள் போனபோது பகலில் பறித்த கொழுந்தை நிறுத்துக்கொண்டிருந்தார்கள். வரிசையில் என் அக்கா ராஜம்மா நின்றாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வலது கையை இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்குக்குள் மறைத்தாள்.

பக்கத்தில் நின்ற லெச்சுமி, அதே லயத்துக்காரி, அதை விடவில்லை. "காட்டு ராஜம்மாக்கா. எதுக்கு ஒளிக்கிற?" என்று அந்தக் கையை வெளியே இழுத்தாள். மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தது.

லயத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் ஓடை. அதன்மேல் ரெண்டு பலகை. தினமும் வேலைக்குப் போகுமுன் சின்னப் பிள்ளைகளை ஒவ்வொன்றாக இடுப்பில் தூக்கி அக்கரையில் விடுவது அக்காதானாம். போன மாசம் மழையில் வழுக்கியிருக்கிறது. பிள்ளையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே விழுந்திருக்கிறாள். பிள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்லை. கை முறிந்த மறுவாரமே ஒற்றைக் கையால் கொழுந்து பறிக்க வந்துவிட்டாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவளோடு போனில் பேசுகிற எனக்கு இதில் ஒரு சொல்லும் தெரியாது.

லெச்சுமி டீச்சர் பக்கம் திரும்பினாள். "நாங்க வரி கட்டலன்னு சொல்றாங்களாம். சீனி வாங்குறோம், பருப்பு வாங்குறோம், போனுக்குக் காசு போடுறோம். அதுல எங்க வரி இல்லீங்களா டீச்சர்?"

"இருக்கும்மா," என்று டீச்சர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அடுத்த மாசம் பாராளுமன்றத்தில் ஒரு சொல் மாற்றாமல் பேசினார்.

நான் அக்காவைத் தனியே கூப்பிட்டு, "ஏன்க்கா சொல்லல?" என்றேன்.

"சொன்னா நீ ஒடனே செஞ்சிருவ தம்பி. அப்புறம் அக்காவுக்காகச் செஞ்சிட்டான்னு ஒன்னயப் பேசுவாங்க. எதுக்கு ஒனக்குக் கெட்ட பேரு?"

சொன்னால் உடனே செய்துவிடுவேனாம். என் பெயரை நானும் காப்பாற்றிக்கொண்டிருந்தேன், அவளும் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் பலகையில் போய்க்கொண்டிருந்தார்கள்.

திரும்பும் வழியில் டீச்சர் மெதுவாகச் சொன்னார். "ஒங்கள மட்டும் சொல்ல மாட்டேன் அண்ணே. போன மூணு தடவையும் பாக்காமக் கையெழுத்து வச்சது நான்தான்."

அந்த வருஷப் பட்டியலைத் திரும்பவும் டைப் செய்தேன்.

3. ஞாயிற்றுக்கிழமை

அந்த ஞாயிறு போன் செய்யவில்லை, நேரில் போனேன். நாலு கடிதமும் என் கையில்தான் இருந்தது, நான்தான் கீழே தள்ளினேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். அழுதும் விட்டேன்.

அக்கா அடுப்பை அணைத்தாள். "எங்கிட்டச் சொல்லிட்டா ஆச்சா? வருசா வருசம் கடுதாசி எழுதினது லெச்சுமி. கையெழுத்து வச்சது லயம் பூரா. எந்திரி."

என்னோடு அவளும் வந்தாள். லயத்தின் பன்னிரண்டு காம்பரா வீடுகளின் கதவிலும் நின்று ஒரே விஷயத்தைச் சொன்னேன். ஒருவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார். லெச்சுமி மட்டும் கேட்டாள்.

"எங்க கடுதாசியப் படிச்சீங்களா, இல்ல ஊரு பேரப் பாத்ததும் கீழ வச்சிட்டீங்களா?"

"ஊரு பேரப் பாத்ததும் வச்சிட்டேம்மா," என்றேன்.

சில மாதங்களில் பாலம் வந்தது. கொங்கிரீட், ரெண்டு பக்கமும் கம்பி. திறப்பு விழாவில் டீச்சர் கத்தரிக்கோலை லெச்சுமியிடம் கொடுத்தார்.

இப்போது நான் ஓய்வில் இருக்கிறேன். என் நாற்காலியில் இனி உட்காரப் போகிற தம்பி தங்கைகளுக்கு ஒன்றுதான் சொல்வேன். உங்கள் ஊரைப் பட்டியலில் முதலில் எழுதாதீர்கள். கடைசியிலும் எழுதாதீர்கள். கடிதத்தைப் படியுங்கள், போய்ப் பாருங்கள், அப்புறம் எழுதுங்கள். நான் என் பெயருக்குப் பயந்து உட்கார்ந்திருந்த நாலு வருஷமும், ஒரு பொம்பளை தன் இடுப்பையே பாலமாக வைத்திருந்தாள்.