நாலாவது பங்கு

ஆஸ்பத்திரியில் நோயாளிகளிடம் ரத்தம் எடுப்பது அவள் வேலை. வலியே தெரியாமல் ஊசி ஏற்றுவாள் என்பதால் அங்கு வரும் குழந்தைகள் அவளுக்கு வைத்த பெயர் கொசு அக்கா. கூட வேலை பார்ப்பவர்களும் அப்படியே கூப்பிட்டுப் பழகி, சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

நாள் முழுக்க நின்றுவிட்டு வீடு திரும்பினால் சமையலறைப் பக்கம் கால் நகராது. லிஃப்ட் ரிப்பேர் செய்யும் கணவனுக்கோ வெந்நீர் வைப்பதே பெரிய வித்தை. அதனால்தான் சமையல் பெட்டிக்கு ஆர்டர் கொடுத்தாள். காய் நறுக்கி, மசாலா அளந்து, கறியை ஆளுக்கொரு பொட்டலமாகக் கட்டி, செய்முறை அட்டையோடு வாரம் ஒருமுறை வாசலுக்கு வரும். அடுப்பைப் பற்றவைத்துக் கிளறினால் போதும். அவள், கணவன், ஐந்து வயது மகள் என்று மூன்று பேருக்குத்தான் சொல்லியிருந்தாள். அந்த வீட்டுக்கு அவர்கள் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

முதல் பெட்டியிலேயே கோழி நாலு பொட்டலம் இருந்தது.

"சும்மா வந்ததை ஏம்மா நோண்டுறே?" என்று கணவன் நாலாவது துண்டையும் தன் தட்டில் தள்ளிக்கொண்டான்.

அடுத்த வாரமும் நாலு. அதற்கடுத்த வாரமும் நாலு. கம்பெனிக்குப் போன் போட்டாள். எடை போட்டுத்தான் அனுப்புகிறோம், மூன்று பங்குதான் வந்திருக்கும் என்று சாதித்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. அவளுக்குப் பயம் தந்தது வேறு. மகள் மேஜையில் நாலு தட்டு வைக்க ஆரம்பித்திருந்தாள்.

"யாருக்குடி இது?"

"அவளுக்கு."

"எவளுக்கு?"

மகள் சுவரோரம் இருந்த காலி நாற்காலியைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"குழந்தைங்கன்னா அப்படித்தான்" என்றான் கணவன். ஆனால் அன்றைக்கு அவன் நாலாவது துண்டைத் தொடவில்லை.

ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு துண்டுச்சீட்டு இருக்கும். அதில் எப்போதும் 'கட்டியவர்: 17'. லீவு நாளில் அந்தச் சீட்டோடு கம்பெனியின் பேக்கிங் கூடத்துக்கே போய்விட்டாள். பதினேழாம் நம்பர் ஐம்பது வயதுப் பெண். வலைத்தொப்பியைக் கழற்றாமல் வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எங்க பெட்டியில ஒரு பங்கு அதிகமா வருது. எங்க அட்ரஸ்..."

"மூணாவது மாடி. படிக்கட்டுக்கு எதிர்க் கதவு" என்றாள் அந்தப் பெண். "எடை போட்டு முடிச்சப்புறம் நான்தான் வைக்கிறேன். கம்பெனியில சொல்லிடாதம்மா."

"எதுக்குக்கா?"

"ஆறு வருஷம் அந்த வீட்டுலதான் இருந்தோம், நானும் என் பொண்ணும். ஒரு நாள் மத்தியானம் அவ சாப்பிட உக்காந்தா. தண்ணி எடுக்கத் திரும்பினேன். மறுபடி பாத்தா நாற்காலி காலி. கதவு உள்ள தாழ் போட்டபடியே இருக்கு. எல்லா ஜன்னல்லயும் கம்பி. போலீஸ் அலசாத இடமில்ல." குரலில் அழுகை இல்லை. பஸ் வரும் நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். "அவ வீட்டை விட்டு வெளிய போகலம்மா. அப்போ பசிக்குமில்ல?"

கொசு அக்கா நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரத்தான் போயிருந்தாள். வாயில் வந்ததோ வேறு.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்கக்கா. நீங்களே சமைங்க."

கணவன் தலையில் அடித்துக்கொண்டான். ஆனாலும் பக்கத்து வீட்டில் ஒரு நாற்காலி இரவல் வாங்கிவந்து போட்டான்.

ஞாயிறு மதியம் அந்தப் பெண் வந்தாள். எந்த அடுப்பு எப்படி எரியும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த வாரப் பெட்டியைப் பிரித்து மளமளவென்று சமைத்தாள். மகள் யாரும் சொல்லாமலே ஐந்து தட்டு வைத்தாள். வெளியே வெயில் கொளுத்தியது. மேஜையைச் சுற்றி மட்டும் ஈரச் சுவர் பக்கம் உட்கார்ந்ததுபோல ஒரு குளிர். கொசு அக்கா தண்ணீர் எடுக்க எழுந்தாள்.

"உக்காரும்மா. யாரும் எழுந்திருக்காதீங்க" என்றாள் அந்தப் பெண், சுவரோர நாற்காலியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசிக் கவளம் வரை தொண்டை வறள வறளச் சாப்பிட்டார்கள்.

"வளந்துட்டா" என்றாள் அவள் கடைசியில்.

"ஆமா ஆன்ட்டி. இப்ப அவ காலு தரையில எட்டுது" என்றாள் மகள்.

கிளம்பும்போது அந்தப் பெண் தான் வெளியே போன பிறகும் கதவைச் சாத்தவில்லை. இன்னொருத்தர் வரக் காத்திருப்பதுபோலக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்லச் சாத்திவிட்டுப் படியிறங்கினாள்.

அடுத்த வாரப் பெட்டியில் மூன்றே பங்கு. சீட்டில் வேறு நம்பர். போன் போட்டுக் கேட்டதற்கு, பதினேழாம் நம்பர் வேலையை விட்டுவிட்டு வெளியூர் போய்விட்டதாகச் சொன்னார்கள். அன்று மகள் மூன்று தட்டுதான் வைத்தாள். "அவ அவங்கம்மாவோட போயிட்டா" என்றாள். சுவரோர நாற்காலியைப் பார்க்காமல், குனிந்து சாப்பிட்டாள்.

கொசு அக்காவுக்குப் பெரிய பாரம் இறங்கியதுபோலத்தான் இருந்தது. சாப்பாடுதான் இறங்கவில்லை.