வேண்டுதல் என்று நான் எழுதிய மொட்டை

போன ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டு வருடத்துக்கு முன் நான் எழுதிய பத்தி ஒன்று என் காபி டம்ளருக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. லேமினேட் செய்த காகிதம். நான்கு மூலையிலும் செலோடேப்பைப் பிய்த்த தடம்.

விட்டெறிந்தவருக்கு வயது பதினொன்று. எங்கள் வீட்டு மாடி போர்ஷனில் குடியிருக்கும் கீர்த்தி. வெள்ளிக்கிழமைதான் மொட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தாள். காதுக்குப் பின்னால் சந்தனம் இன்னும் காய்ந்துபோய் ஒட்டியிருந்தது.

"இத நீங்கதானே எழுதினீங்க ஆன்ட்டி?"

"ஆமாண்டி கண்ணு…"

"இதுல எங்கப்பா எங்க?"

பாராட்டு, திட்டு, 'உனக்கெல்லாம் யார் பத்தி கொடுத்தது' வரை எல்லாக் கடிதங்களுக்கும் பதில் எழுதிப் பழகியவள் நான். இந்தக் கேள்விக்கு, காகிதத்தை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன்.

பழைய வாசகர்களுக்கு அந்தப் பத்தி ஞாபகம் இருக்கலாம். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில், லைனில் நின்று செல்போன் பாகங்கள் கோர்க்கும் ஒரு தாய். கணவர் இல்லை. வருடா வருடம் கோடை லீவில் மகளை முருகன் கோவிலுக்கு அழைத்துப்போய் மொட்டை போடுகிறாள். கேட்டால், "வேண்டுதல்" என்கிறாள். ஷிஃப்ட், ஓ.டி., கம்பெனி பஸ் என்று ஓடுகிற பிழைப்பிலும் இப்படி ஒரு பக்தியா… என்று உருகி உருகி எழுதியிருந்தேன்.

அந்தத் தாய் சுமதி. அந்த மகள்தான் கீர்த்தி. எல்லாம் மாற்றுப் பெயர்கள் — கீர்த்தி என்ற பெயரை அவளே தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள்.

பத்திக்கு நல்ல வரவேற்பு. வாட்ஸ்அப்பில் சுற்றியது. சுமதியின் சூப்பர்வைசர் லைன் குரூப்பில் போட்டு, பத்துப் பேர் கும்பிடு போட்டார்களாம். கீர்த்தியின் ஸ்கூலில் அதை லேமினேட் செய்து வராந்தாச் சுவரில் ஒட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதில் நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. கீர்த்தியின் அப்பா பராக்கா, டான்சானியாவிலிருந்து இங்கே இன்ஜினியரிங் படிக்க வந்தவர். சுமதியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு இங்கேயே ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். கீர்த்திக்கு மூன்று வயது ஆகும்போது, பைக்கில் வேலைக்குப் போனவரைக் கன்டெய்னர் லாரி ஒன்று அடித்துவிட்டது.

இதெல்லாம் எனக்குத் தெரியும். பென்னலூரில் எங்கள் வீட்டுக்கு வாடகைக்கு வந்த அன்றே சுமதி சொல்லிவிட்டாள். ஆனாலும் எழுதவில்லை. ஏன்? அவரைப் பற்றி எழுதினால் வாசகர்கள் பக்தியை விட்டுவிட்டு அவரையே கேட்பார்கள். பத்தி வேறு பக்கம் போய்விடும். 'சுமதிக்குத்தான் சங்கடம்' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குத்தான் சௌகரியம்.

இந்த வருடம் கோடை லீவில் கீர்த்தி மொட்டைக்கு மாட்டேன் என்றுவிட்டாள். அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. மொட்டையும் மாட்டேன், இடையிடையே சலூனில் ஒட்ட வெட்டுவதும் மாட்டேன், அவ்வளவுதான். சுமதியும் விட்டுவிட்டாள். ஆறு மாதத்தில் முடி வளர்ந்தது. அது அவள் அப்பாவின் முடி. கீழே தொங்காது, மேலே நிற்கும். நெற்றியைச் சுற்றி அடர்த்தியாக, கறுப்பாக, சின்னச் சின்னச் சுருளாக.

நம் ஊரில் முடி என்றால் கீழே இறங்க வேண்டும். எண்ணெய் வைத்தால் படிய வேண்டும். சீப்பு வைத்தால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். கொஞ்சம் சுருண்டாலே பெண் பார்க்க வருகிறவர்கள் யோசிக்கிறார்கள். நான் மட்டும் என்ன ஒழுங்கு? எனக்கும் சுருட்டைதான். வருடத்துக்கு இரண்டு முறை பார்லரில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, கண்ணெரிய ஸ்ட்ரெயிட்டனிங் செய்துகொண்டு வருகிறவள்தான் நான். பத்தியில் வரும் என் போட்டோவைப் பார்த்து 'நல்ல முடி மேடம்' என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு தகவல்.

ஸ்கூலில் ரெட்டைச் சடை கட்டாயம். மடித்து ரிப்பன் கட்ட வேண்டும். கீர்த்தியின் முடி மடியவில்லை. பிள்ளைகள் 'ஸ்க்ரப்பர்' என்று கூப்பிட்டார்கள். டீச்சர் சுமதியை இரண்டு முறை வரச் சொன்னார். ஒன்று பின்ன வேண்டும், இல்லை ஒட்ட வெட்ட வேண்டும். பிறகு டீச்சருக்கே ஒரு யோசனை வந்தது. கீர்த்தியை வராந்தாவுக்கு அழைத்துப்போய் என் பத்திக்கு முன்னால் நிற்கவைத்தார்.

"படி. சத்தமா படி. உங்கம்மா உனக்காக எவ்ளோ பக்தியா வேண்டிக்கிட்டு இருக்காங்க. நீ சாமிக்கே டிமிக்கி குடுக்கிறியா?"

படித்திருக்கிறாள். மூன்று நாள், பிரேயர் முடிந்ததும்.

இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் எனக்குத் தெரிந்தே நடந்த இரண்டு விஷயங்கள் உண்டு.

ஒன்று. செப்டம்பரில் ஒரு நாள் கீர்த்தி ஈரத்தலையோடு கீழே வந்தாள். கையில் பெரிய பல் வைத்த சீப்பு. "ஆன்ட்டி, முன்னாடி நானே பிரிச்சுட்டேன். பின்னாடி எட்டல. பின்னாடி மட்டும் பிரிச்சு விடுறீங்களா?" என்றாள். நான் தொட்டுப் பார்த்தேன். சிரித்தேன். "என்னடி இது, முடியா தேங்கா நாரா? என்னால ஆவாதும்மா, அம்மா வரட்டும்" என்றேன். அவள் சீப்போடு மாடி ஏறிப் போய்விட்டாள். நான் சீரியல் பார்க்க உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு. போன வாரம் சுமதி வந்து, "அக்கா, நீங்க சொன்னா கேக்கும்க்கா. இஸ்கூல்ல உயிர எடுக்கிறாங்க. ஒரே ஒரு தபா போட்டுக்க சொல்லுங்க" என்றாள். நான் கீர்த்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து, முறுக்கு கொடுத்து, "முடிதானேடி கண்ணு, வளந்துடும்" என்றேன்.

அவள் முறுக்கைத் தொடவில்லை. "வேண்டுதல் யாருக்காக ஆன்ட்டி?" என்று மட்டும் கேட்டாள்.

"உனக்காகத்தான்."

சரி என்று தலையாட்டினாள். வெள்ளிக்கிழமை மொட்டை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். 'இதுல எங்கப்பா எங்க' என்று கேட்டவள், பாவாடைப் பாக்கெட்டிலிருந்து ஒரு பழைய போனை எடுத்தாள். கண்ணாடி உடைந்த போன். பரணில் கிடந்ததாம். கோடை லீவில் சார்ஜ் போட்டுப் பார்த்திருக்கிறாள். உள்ளே ஒரு வீடியோ.

தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார் பராக்கா. மடியில் மூன்று வயதுக் கீர்த்தி, கையில் பிஸ்கெட். பக்கத்தில் தண்ணீர் அடிக்கிற ஸ்ப்ரே பாட்டில், தேங்காய் எண்ணெய், பெரிய பல் சீப்பு. கேமராவைப் பார்த்து, கற்றுக்கொண்ட தமிழில், நிறுத்தி நிறுத்திப் பேசுகிறார்.

"சுமதி, பாத்துக்கோ. காஞ்ச முடில சீப்பு வேணாம். பாப்பா அழும். மொதல்ல தண்ணி. அப்பறம் எண்ணெய் கொஞ்சம். நாலு பாகம்."

விரலால் பிரிக்கிறார். வேரிலிருந்து இல்லை, நுனியிலிருந்து. சிக்கு வந்தால் அந்த இடத்துக்கு மேலே முடியைக் கையால் பிடித்துக்கொள்கிறார், தோல் இழுபடாமல் இருக்க. குழந்தை திரும்பிக்கூடப் பார்க்காமல் பிஸ்கெட் தின்கிறது. ஒவ்வொரு பாகத்தையும் இரண்டாகப் பிரித்துச் சின்னச் சின்னப் பின்னல். நுனியில் மஞ்சள் ரப்பர் பேண்ட். அவ்வளவுதான். ஒரு க்ரீம் இல்லை, ஒரு மெஷின் இல்லை.

கீர்த்தியைத் தேடிக்கொண்டு சுமதி படி இறங்கி வந்தாள். கையில் துவைத்த யூனிஃபார்ம் சொட்டிக்கொண்டிருந்தது. வாசலிலேயே நின்றுவிட்டாள். அந்தக் குரல் அவளுக்குத் தெரியாதா?

"நிறுத்துடி. கீர்த்தி, நிறுத்து!"

கீர்த்தி நிறுத்தவில்லை. பின்னல் எல்லாம் முடிந்ததும் பராக்கா மகளின் தலையைத் திருப்பிக் கேமராவுக்குக் காட்டுகிறார்.

"முடிஞ்சிது. ஒரு வாரம் அப்பிடியே வுட்டுடு. டெய்லி வேணாம். காலைல நீ வேலைக்குப் போணும்ல, சுமதி."

சுமதி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஈர யூனிஃபார்மை மடியில் வைத்துக்கொண்டு முகத்தில் அறைந்துகொண்டு அழுதாள். நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். கீர்த்தி நகரவில்லை.

அழுகை கொஞ்சம் அடங்கிய பிறகு சுமதியே சொன்னாள்.

"அவுரு ஒரு மாசம் ட்ரெயினிங்குக்கு வெளியூர் போறதா இருந்துச்சுக்கா. அதுக்குத்தான் எனுக்கு எடுத்து வெச்சாரு. போறதுக்கு முந்தின வாரந்தான் லாரி… அப்பால அத தொறக்கவே இல்ல. குரல் கேட்டா செத்துருவேன்னு பயம்."

"அப்புறம் யார் தலை வாரினது?"

"நான்தான். எனுக்கு இன்னா தெரியும்? எனுக்கு வார்ற சீப்புலயே வாரினேன், காஞ்ச முடில. கத்துச்சுக்கா… சீப்பு பல்லு உடைஞ்சி முடிலயே நின்னுகிச்சு. பக்கத்து வூட்டம்மா பேனு கீதுன்னு பேன் சீப்பு குடுத்துச்சு. அதப் போட்டு இழுத்ததுல கொத்து கொத்தா வந்துடுச்சு. ரத்தம். சலூனுக்கு இட்டுகினு போனேன். அந்தாளு மெஷின் போட்டு எடுத்துட்டாரு. அப்பதான் கொயந்த அழுவய நிறுத்துச்சு."

"வேண்டுதல்னு சொன்னியே சுமதி?"

"யாருனா கேட்டா இன்னான்னு சொல்றது? வேண்டுதல்னு சொன்னேன். அதுக்கு மேல யாரும் கேக்கலக்கா. எல்லாரும் கைய எடுத்து கும்பிட்டாங்க. அப்பால வருசா வருசம் அதையே சொல்லிகினேன். அஞ்சரைக்கு கம்பெனி பஸ்ஸு. அதுக்குள்ள இந்த முடிய டெய்லி யாரு வாருறது? லைன்ல ஒரு முடி கேப்புக்கு வெளிய தெரிஞ்சா லீடர் எல்லார் முன்னாடியும் நிக்க வெக்கிறான். முடின்னாலே எனுக்கு பயம்."

அவள் எந்தச் சாமியிடமும் எதையும் வேண்டவில்லை. வேண்டிக்கொண்டதாக ஊருக்கே அறிவித்தவள் நான்தான். அவள் சொன்னதை அவளே என்றாவது விட்டிருப்பாள். அச்சில் ஏற்றிய பிறகு எப்படி விடுவது? சூப்பர்வைசர் கேட்பார், டீச்சர் கேட்பார், கீழ் வீட்டு அக்கா கேட்பாள்.

நம் ஜனங்களிடம் இது ஒரு வழக்கம். 'வேண்டுதல்' என்ற வார்த்தை காதில் விழுந்தால் அடுத்த கேள்வி கேட்க மாட்டோம். பட்டினி கிடந்தாலும் வேண்டுதல், செருப்பில்லாமல் நடந்தாலும் வேண்டுதல். மரியாதை என்று நினைத்துக்கொள்கிறோம். பக்கத்து வீட்டுக்காரிக்கு என்ன கஷ்டம் என்று தெரிந்துகொள்ளாமல் தப்பிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. "வளரட்டும்டி, இனிமே நானே பிரிச்சுப் பின்னி விடறேன்" என்றேன் கீர்த்தியிடம்.

"வேணாம் ஆன்ட்டி. அம்மா செய்யட்டும். நீங்க எழுதுங்க. எங்கப்பாவப் போட்டு எழுதுங்க."

சுமதியைப் பார்த்தேன். "எழுதுங்கக்கா. அவுரு ஊர் பேர மட்டும் மாத்த வேணாம்" என்றாள்.

திங்கட்கிழமை ஸ்கூலுக்குப் போனேன், பழைய பத்தியைப் பிய்த்ததற்குக் கீர்த்தியைத் திட்டக் கூடாது என்று சொல்ல. சுவரில் அதே இடத்தில் புதுப் பிரதி ஒட்டியிருந்தது. இதுவும் லேமினேட் செய்தது.

"நல்ல கருத்துள்ள கட்டுரை மேடம். மத்த பிள்ளைங்களுக்கும் ஒரு இன்ஸ்பிரேஷன்" என்றார் டீச்சர்.

"நான் எழுதினது தப்பு, எடுத்துடுங்க" என்றேன்.

"எடுக்கணும்னா ஹெச்.எம். கிட்ட கேக்கணும் மேடம்."

இதை எழுதும் வரை அது அங்கேதான் இருக்கிறது. தினமும் காலையில் கீர்த்தி அதைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போகிறாள்.

சுமதி தினமும் ஷிஃப்ட் முடிந்து வந்து, அந்தப் பழைய போனைக் கொஞ்சம் பார்க்கிறாள். தண்ணீர் தெளிக்கிற இடம் வரை வந்திருக்கிறாள். அதற்கு மேல் முடியவில்லை என்று வைத்துவிடுகிறாள். நாலு பாகமாகப் பிரிப்பது இன்னும் வரவில்லை. நுனியிலிருந்து எடுக்க வேண்டும் என்பதும் வரவில்லை. அவசரம் ஒன்றுமில்லை… பிரிப்பதற்குத் தலையில் இப்போது என்ன இருக்கிறது?

பத்தியில் தப்பு வந்தால் அடுத்த வாரமே திருத்தம் போட்டுவிடலாம். இதோ, போட்டாகிவிட்டது.

கீர்த்தியின் முடிக்கு ஆறு மாதம் ஆகும்.