வாதை அணுகாத கூடாரம்

மைசூரில் பிளேக் வந்தபோது எங்களுக்குக் கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. என் கணவர் ரயில்வேயில் குமாஸ்தா. பைபிளில் கடவுள் கொடுத்த ஒரு வாக்குத்தத்தத்தைப் பிடித்துக்கொண்டால் விடவே மாட்டார். பக்கத்து வீட்டில் எலி செத்து விழுந்ததும், தெருவைக் காலி செய்யச் சொல்லி முனிசிபாலிட்டி ஆட்கள் வந்தார்கள். இவர் அசையவில்லை.

“வாதை நம்ம கூடாரத்த அணுகாதுன்னு சங்கீதப் புஸ்தகத்துல இருக்கு. வாக்குக் கொடுத்தவரு மாறமாட்டாரு.”

எனக்குப் பயம்தான். ஆனாலும் சிரித்துக்கொண்டே சொன்னேன்: “கூடாரம்னுதான இருக்கு? இது ஓட்டு வீடு. ஊருக்கு வெளிய நெஜமாவே கூடாரம் போட்டிருக்காங்களாம். வாங்க, அங்க போயிரலாம்.”

என்னை உற்றுப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்து, படுக்கையைச் சுருட்டத் தொடங்கினார்.

மேட்டில் கித்தான் கூடாரங்கள் வரிசையாக நின்றன. எங்களுக்கு அடுத்ததில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்கள், ஜட்கா ஓட்டுபவரும் அவர் மனைவியும். கொள்ளேகால் பக்கத்திலிருந்து வந்தவர்கள். சாயங்காலம் இவர் ஜெபம் செய்யும்போது அந்தப் பெண்ணும் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு வந்து உட்காருவாள்.

சீக்கிரமே ஜட்காக்காரருக்கு அக்குளில் பிளேக் கட்டி வந்தது. இவர் உபவாசம் இருந்து ஜெபித்தார். அவர் பிழைக்கவில்லை.

அடக்கம் முடிந்து வந்ததும் அவள் இவரிடம் கேட்டாள்: “ஏனுங்கண்ணா, உங்க சாமி குடுத்த வாக்கு எங்களுக்கு இல்லீங்களா?”

எதற்கும் ஒரு வசனம் வைத்திருக்கும் மனுஷர். “எனக்குத் தெரியலம்மா” என்றார்.

அன்று வேதத்தைத் திறந்தார், வாசிக்க வரவில்லை. பார்க்கப் பாவமாக இருந்தது. நானே வாங்கி அதே சங்கீதத்தை வாசித்தேன். ஆபத்தில் அவனோடுகூட இருப்பேன் என்று கடவுள் சொல்லும் இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஆபத்தே வராதுன்னா, கூட இருப்பேன்னு ஏன் சொல்லணும்?”

என்னையல்ல, தன்னையே கேட்டுக்கொண்டார். பிறகு, “நீ போயி அந்தத் தங்கச்சிகூடப் படுத்துக்கோ. தனியா இருக்கும்” என்றார்.

போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள். மறுநாளிலிருந்து அவளுக்கும் சேர்த்து இவர் தண்ணீர் சுமந்தார். ஜட்கா குதிரைக்குப் புல் போடப் போய்க் கடியும் வாங்கினார்.

நோய் தணிந்து தெருவுக்குத் திரும்பினோம். உள்ளே வெயில் பட்டு நோய்க்கிருமி சாவதற்காக எல்லா வீட்டு ஓடுகளையும் கழற்றி வைத்திருந்தார்கள். இவர் முதலில் அவள் வீட்டுக் கூரையில்தான் ஏறினார். அதை மூடி முடித்ததுமே மழை பிடித்துக்கொண்டது. எங்கள் வீட்டில் நனையாத இடமே இல்லை.

“அக்கா, ரெண்டு பேரும் இங்க வந்துருங்க” என்று அவள் கூப்பிட்டாள். சுடச்சுடக் கேழ்வரகுக் களி கிண்டியிருந்தாள். சாப்பிடும் முன் இவர் கண்ணை மூடி நன்றி சொன்னார். வேறு எதையும் கேட்கவில்லை.