பதினோராவது வாரம் வந்தவர்

டிவி தொடர் என்றால் பதின்மூன்று வாரம் என்றிருந்த காலம் அது. கல்கத்தாவில், டாக்குரியாவில் நாங்கள் இரண்டாவது மாடியில் குடியிருந்தோம். அந்தக் கட்டடத்தில் டிவி இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். அதனால் வியாழக்கிழமை சாயங்காலம் அந்த வீடு எங்களுடையதாக இருக்காது. கீழ்வீட்டு வங்காளி மாஷிமா உட்காரத் தன் பிரம்பு மோடாவைத் தானே தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். மேல்வீட்டில் தனியாக இருந்த ரிட்டயரான வாத்தியார், ஊருக்கெல்லாம் மாஸ்டர்மொஷாய், அப்பாவின் சாய்வு நாற்காலியைப் பிடித்துக்கொள்வார். எனக்குப் பத்து வயது. தமிழைவிட வங்காளம் எனக்கு நன்றாக வந்ததால், அம்மாவுக்கும் அத்தைக்கும் நடுவில் உட்கார்ந்து வசனங்களைத் தமிழில் சொல்லிக்கொண்டே போவது என் வேலை.

அத்தை அப்பாவின் தங்கை. இரண்டு வருஷமாக எங்களோடு இருந்தாள். அத்திம்பேர் பம்பாயில் வேலையாக இருக்கிறார், வீடு கிடைத்ததும் வந்து அழைத்துக்கொண்டு போவார் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். பம்பாயில் வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு என்று எல்லோரும் பேசிக்கொண்டதால் எனக்கும் சந்தேகம் வரவில்லை.

அந்தத் தொடரில் ஒருவன் காலையில் மீன் வாங்கப் பையை எடுத்துக்கொண்டு போகிறான். திரும்பி வரவேயில்லை. மீன் வாங்கப் போனால் இப்படித்தான் ஆகும் என்று அப்பா முதல் வாரமே தீர்ப்புச் சொல்லிவிட்டார். மனைவி பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்துப் பிள்ளையை வளர்க்கிறாள். பதினோராவது வாரம் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். திறக்கிறாள். வெளியே தாடி வைத்த ஒருவர், கையில் பை. அந்த நொடியில் கரண்ட் போயிற்று. கல்கத்தாவில் அது ஒரு செய்தியே இல்லை. ஆனால் மாஷிமா அன்றைக்கு மின்சார இலாகாவை ஏழு தலைமுறைக்குத் திட்டினாள். கரண்ட் வந்தபோது அந்த மனைவி, வீடு மாறி வந்துவிட்டீர்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். அடுத்த இரண்டு வாரமும் பிள்ளையின் பரீட்சை, பிள்ளையின் ஜுரம் என்று போய்த் தொடர் முடிந்துவிட்டது. வந்தவர் யார் என்று கடைசிவரை சொல்லவேயில்லை.

எங்கள் கட்டடம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. வந்தவர் புருஷன்தான் என்றது மாஷிமாவின் கட்சி. கரண்ட் போயிருந்த நேரத்தில் என்ன நடந்தது என்று அவள் கரியாஹாட் மார்க்கெட்டில் மூன்று பேரிடம் விசாரித்தாள். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். ஒருத்தி அவர் அழுதார் என்றாள், இன்னொருத்தி சிரித்தார் என்றாள். அப்பாவோ, புருஷன் பையை வலது கையில் பிடித்துக்கொண்டு போனான், வந்தவன் இடது கையில் வைத்திருந்தான், ஆகவே வேறு ஆள் என்று ஆபீஸ் ஃபைலில் குறிப்பு எழுதுவதுபோல் வாதாடினார். மாஸ்டர்மொஷாய் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அவருக்குத் தொடரைவிட அதை எழுதியவரிடம்தான் அக்கறை. அந்த எழுத்தாளர் முதலில் ஊர் ஊராகப் போய்க் கூத்துப் போடும் ஜாத்ரா கம்பெனிகளுக்கு நாடகம் எழுதினாராம். அதிலெல்லாம் ராஜாக்கள் சாக வேண்டிய இடத்தில் ஒழுங்காகச் செத்துப்போனார்களாம். பிறகு ரேடியோவுக்கு எழுதினார். அங்கே ஒரு நாடகம் டெலிபோன் மணி அடித்துக்கொண்டே இருக்கும்போது முடிந்துவிட்டது. யார் கூப்பிட்டது என்று ஜனங்கள் ரேடியோ ஆபீசுக்குக் கடிதம் போட்டார்களாம். வயதாக ஆக அவருக்கு முடிவு எழுத வருவதில்லை என்றார் மாஸ்டர்மொஷாய். பாராட்டுகிறாரா குறை சொல்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் பேட்டை நூலகத்தின் ஆண்டுவிழாவுக்கு அந்த எழுத்தாளரே வரப்போகிறார் என்று மாஸ்டர்மொஷாய் செய்தி கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை விழா. கடைசியில் ரசிகர்கள் கேள்வி கேட்கலாம். குழந்தை கேட்டால் மறுக்க மாட்டார் என்று மாஷிமா என்னைத் தேர்ந்தெடுத்தாள். அப்பாவும் ஒப்புக்கொண்டார்.

சனிக்கிழமை மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்த அத்தை என்னைக் கூப்பிட்டாள். அதுவரை அவள் இந்தச் சண்டையில் வாயே திறந்ததில்லை.

"வந்தவர் யாருன்னு கேக்காதே. கதவைச் சாத்தினப்புறம் அவ அங்கேயே நின்னாளா, உள்ள போயிட்டாளா, அதைக் கேளு" என்றாள்.

சரி என்று தலையாட்டினேன். ஆனால் இதையெல்லாம் ஒரு கேள்வி என்று யாராவது கேட்பார்களா என்று எனக்குக் கூச்சமாக இருந்தது.

எழுத்தாளர் சின்ன உருவம். மஃப்ளர் சுற்றிக்கொண்டு இருமிக்கொண்டே இருந்தார். என் முறை வந்தபோது எழுந்து, வந்தவர் அவள் புருஷனா இல்லையா என்று கேட்டேன். கூடம் முழுக்கக் கை தட்டியது. அவர் சிரித்தார். அந்த ஆளின் விலாசம் கிடைத்தால் நானே போய்க் கேட்டிருப்பேன் என்றார். எல்லோரும் சிரித்தார்கள், ஏமாந்தும் போனார்கள். நான் கேள்வியை மாற்றிவிட்டேன் என்று புரிந்துகொள்ளும் அளவுக்கு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தைக்கு வங்காளம் தெரியும். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து நின்றாள்.

பாதி வங்காளமும் பாதி ஹிந்தியுமாக அவளே கேட்டாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எழுத்தாளர் கண்ணாடியைக் கழற்றினார். அதை நான் யோசிக்கவில்லை, நீங்கள் சொல்லுங்கள், அவள் என்ன செய்திருப்பாள் என்று திருப்பிக் கேட்டார்.

அத்தை தடுமாறித் தடுமாறிச் சொன்னாள். படியில் செருப்புச் சத்தம் கீழே போய்ச் சேரும்வரை கதவுக்குப் பின்னாலேயே நின்றிருப்பாள். இரண்டு மாடி. அதற்குப் பிறகு அடுப்பில் பொங்கும் பாலை இறக்கப் போயிருப்பாள்.

எனக்கு அவமானமாகப் போயிற்று. தொடரில் அவள் இருப்பது தரைத்தள வீடு. அங்கே படியே கிடையாது. இத்தனை பேருக்கு முன்னால் அத்தை கதையைத் தப்பாகச் சொல்கிறாளே என்று அப்பாவைப் பார்த்தேன். அவர் திருத்துவார் என்று நினைத்தேன். அவர் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்தாளர் எழுந்து அத்தைக்குக் கை கூப்பினார். விழா அதோடு முடிந்துவிட்டது.

திரும்பும் வழியில் அப்பா முன்னால் வேகமாக நடந்துபோய்விட்டார். அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் அத்தையின் மறுபக்கம் போய், அந்த வீட்டில் படி இல்லை என்று சொன்னேன்.

"இல்லையா?" என்றாள்.

"வந்தது புருஷனா இல்லையா, நீயாவது சொல்லேன்."

"அவர்தான்."

"அப்போ ஏன் வீடு மாறி வந்துட்டேள்னு சொன்னா?"

"மாறித்தானே வந்திருந்தார்" என்றாள் அத்தை. அம்மா என்னைப் பேசாமல் வரச் சொன்னாள்.

அதற்கு முந்தைய மழைக்காலத்தில், நான் பள்ளிக்கூடத்திலும் அம்மா கடைத்தெருவிலும் இருந்த ஒரு காலை வேளையில், அத்திம்பேர் எங்கள் வாசலில் வந்து நின்றிருக்கிறார். அத்தை அதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் பையோடு படியிறங்கிப் போனதை மாஷிமா மட்டும் பார்த்திருக்கிறாள். இதெல்லாம் எனக்குக் கல்யாணமான பிறகு அம்மா சொல்லித் தெரிந்தது.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு விஷயம். இத்தனை நாள் யாருக்கும் கிடைக்காத பதில் எனக்குக் கிடைத்திருக்கிறது. வீட்டுக்குள்கூட நுழையாமல் ஒரே ஓட்டமாகக் கீழே ஓடினேன். மாஷிமா அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். வந்தது புருஷன்தானாம், அத்தையே சொல்லிவிட்டாள், உங்கள் கட்சி ஜெயித்துவிட்டது என்றேன். அவள் காய்கறியை அப்படியே போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு மேலே வந்தாள். நான் மாஸ்டர்மொஷாயிடமும் போய்ச் சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

எங்கள் வீட்டுக் கூடத்தில், ஜெயித்த மாஷிமா அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். சமையலறைப் பக்கமே எட்டிப் பார்க்காத அப்பா, தோற்றுப்போன அப்பா, தன் கையால் காபி கலந்து கொண்டுவந்து அத்தையின் முன்னால் வைத்தார். சர்க்கரை போட்டாரா என்று தெரியவில்லை, அத்தை குடித்துவிட்டாள். இவ்வளவு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்து வந்த என்னை யாராவது மெச்சுவார்கள் என்று நான் வெகுநேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.