மழையில் இறுகிய பலாக்கதவு

இழைப்புளி ஒருமுறை ஓடி நிற்கும்போதெல்லாம் பலாப்பலகையிலிருந்து ஒரு மஞ்சள் சுருள் புரண்டு எங்கள் "இஸ்தோப்பில்", வாசல் திண்ணையில், விழும். எடுத்து முகர்ந்தால் பழத்தின் வாசம் வராது, வெயிலில் காய்ந்த மண்ணின் வாசம்தான் வரும். விரலில் ஒட்டிய மஞ்சள் மட்டும் எத்தனை கழுவினாலும் போகாது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மாசி மாதம், இலங்கை மலையகத்தில் தலவாக்கலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், அப்பா எங்கள் "காம்பராவுக்கு", தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் எங்களுக்கிருந்த ஒற்றை அறைக்கு, புதுக் கதவு போட்டார். எனக்குப் பத்து வயது. தம்பி இன்னும் தவழ்ந்துகொண்டிருந்தான்.

கதவு எதற்கு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, சொல்லாமலே தெரிந்திருந்தது. நான் பிறப்பதற்கு முந்திய, தமிழர்களுக்கு எதிரான கலவரத்தில், தேயிலைப் பெட்டிப் பலகையில் அடித்திருந்த எங்கள் லயத்துக் கதவுகளை ஒரே உதையில் உள்ளே தள்ளினார்களாம். அதன் பிறகும் நாட்டில் எங்கேயாவது குண்டு வெடித்ததாக வானொலி சொன்னால், லயத்தில் பேச்சு தணிந்துவிடும், எல்லோருடைய கண்ணும் அவரவர் கதவுக்குப் போகும். அப்பாவின் கதவு அதனால்தான் வெளிப்பக்கமாகத் திறந்தது. எவ்வளவு உதைத்தாலும் சட்டத்தில் இன்னும் அழுந்தி உட்காருமே தவிர, உள்ளே போகாது. எங்களுடையது முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயம். மேல்வரிசை மலையைப் பார்த்திருக்கும், கீழ்வரிசையான நாங்கள் பள்ளத்தைப் பார்த்திருப்போம், பின்வாசல் கிடையாது. இருந்த ஒரு சின்ன ஜன்னலுக்கும் அப்பா இரும்புக் கம்பி அடித்துவிட்டார்.

மரம் கொத்மலையிலிருந்து வந்தது. அங்கிருந்த பியதாச என்ற தச்சர், எங்கள் வாய்க்கு "பாஸ்", தன் வீட்டுப் பின்னால் காற்றில் சாய்ந்த பலாவை அறுத்துக் கொடுத்தார். அப்பாவுக்கு வேலை ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், கொழுந்தைச் சூட்டில் காயவைக்கும் இயந்திரத்தடியில். கையில் எதை எடுத்தாலும் முதலில் ஈரத்தைத்தான் பார்ப்பார். பலகைகளையும் விடவில்லை. அடுப்புக்கு மேலே விறகு காயவைக்கும் மூங்கில் பரணில் அவற்றை மாதக்கணக்கில் அடுக்கிவைத்தார். புகையில் கறுத்து, தட்டினால் மணிபோல ஒலிக்கிற வரைக்கும் இறக்கவில்லை.

இழைக்கும்போதுதான் சண்டை வந்தது. பலாவின் நடுமரம் வைரம். மஞ்சளாய்ப் பிறந்து, வெளிச்சம் படப்பட செம்பாகி, கடைசியில் காப்பி நிறத்துக்கு வரும்; கரையான்கூட அதைத் தின்னத் தயங்கும். அதைச் சுற்றியிருக்கிற வெளிறிய பாகத்தின் பெயர் "வெள்ளை", பூச்சிக்கு அது விருந்து. தாழ்ப்பாள் பக்கத்துப் பலகையின் ஓரத்தில், மேலிருந்து கீழ்வரை, நான்கு விரல் அகலத்துக்கு வெள்ளை கிடந்தது.

"என்னா பாஸ், வைரம்னு சொல்லி வெள்ளைய தலையில கட்டுறீங்க?"

"அண்ணே, மரம் என்னைய கேட்டா வளந்திச்சி? சாயம் அடிச்சா யாருக்கும் தெரியாது."

"பூச்சிக்குத் தெரியுமே!"

பக்கத்துக் காம்பரா சுப்பையா மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வேறு பலகை இல்லாததால் அப்பா முறைத்துக்கொண்டே சம்மதித்தார். ஆனால் இடுக்கில் கத்திமுனை நுழையக் கூடாது என்று நின்று, நான்கு பக்கமும் சட்டத்தோடு ஒட்ட இழைக்க வைத்தார். பாஸும் அந்த வேலையில் மயங்கிப்போய், "காத்துகூட ஒங்கள கேட்டுத்தான் உள்ள வரும்" என்று பெருமைப்பட்டார்.

ஆனியில் மழை பிடித்தது. மலைநாட்டு மழைக்கு விழுவது மட்டுமல்ல வேலை. அது மூடுபனியாகி உள்ளே வரும், உப்பைக் கரைக்கும், பாயை நனைக்கும். கதவு அதைக் குடிக்கத் தொடங்கியது. மரம் நீளத்தில் அசையாது, அகலத்தில்தான் வீங்கும். காய்ந்து சுருங்கிய ஒவ்வொரு பலகையும் இழந்த அகலத்தைக் கேட்டு நெருக்கியது. முதலில் அம்மா கையால் தள்ளினாள், பிறகு தோளால், பிறகு இடுப்பால்.

"என்னாங்க, கதவு ரொம்ப இறுகுது."

"இறுகட்டும் பாக்கியம். அதுக்குத்தானே செஞ்சோம்."

வெள்ளைக்குள்ளே பூச்சி இறங்கியிருந்தது. காலையில் அந்த ஓரத்தின் அடியில் குவிந்திருக்கும் மாவுபோன்ற தூளை அம்மா திட்டிக்கொண்டே கூட்டுவாள்.

அந்த வாரம் டவுனில் ஒரு பஸ்ஸுக்குக் கல்லெறி விழுந்தது. வேலைக்குப் போகும்போது அப்பா, "யார் தட்டுனாலும் தெறக்காதீங்க" என்று சொல்லி, கதவை வெளியிலிருந்து அழுத்திவிட்டுப் போனார். அம்மா தாழ்ப்பாள்களைப் போட்டாள். பகல்தான், ஆனாலும் விளக்கு வேண்டியிருந்தது. கூரைத் தகரத்தில் மழை இரைந்ததில் எங்கள் குரலே எங்களுக்குக் கேட்கவில்லை.

பிறகு கதவு அதிர்ந்தது.

ஒரு கை அல்ல, பல கைகள். அம்மா விளக்கை ஊதினாள். தம்பியை மாரோடு அணைத்து, என் வாயைப் பொத்தினாள். வெளியே கத்தினார்கள், மழை அதை விழுங்கியது. வந்துவிட்டார்கள் என்றே நினைத்தோம், வந்தவர்கள் யார் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. நாங்கள் அப்படி மூச்சடக்கி உட்கார்ந்திருந்த நேரம் எவ்வளவு என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. ஜன்னலின் மங்கிய வெளிச்சத்தில், அம்மாவின் கைக்கு மேலாகத்தான் நான் பார்த்தேன்: பின்சுவரின் அடியிலிருந்து செம்மண் குழம்பு மெல்ல வழிந்து வந்துகொண்டிருந்தது.

அப்போது ஜன்னல் கம்பியில் ஒரு முகம் வந்து ஒட்டியது. சுப்பையா மாமா.

"தங்கச்சி! மலை எறங்குது! மேல்வரிசை எல்லாம் வெளிய வந்திட்டாங்க! தெற!"

அம்மா தாழ்ப்பாள்களை உருவி மோதினாள். நானும் மோதினேன். கதவு, கதவாக இல்லை, சுவரின் ஒரு துண்டாகிவிட்டிருந்தது. வெளியே மாமா வளையத்தைப் பிடித்து இழுக்க, வளையம் கையோடு வந்தது. கோடரி கேட்டுக் கத்தினார், கொண்டுவந்தார்கள், நடுவில் வெட்டினார். வைரத்தில் பட்டுக் கோடரி துள்ளித் திரும்பியது. மறுபடியும் துள்ளியது. பின்சுவர் முனகியது.

"அங்க வேணாண்ணே!" அம்மா கதவின் மேல் வாயை வைத்துக் கத்தினாள். "தாப்பா பக்கம்! ஓரமா! வெள்ளையில போடுங்க, வெள்ளையில!"

நான்காவது வெட்டோ ஐந்தாவதோ, உளுத்த வெள்ளை பிட்டுபோல உதிர்ந்தது. அந்த நான்கு விரல் அகலம் போனதும் நெருக்கிக்கொண்டிருந்த பலகைகளுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. கதவு ஒரு பெருமூச்சோடு தானாகவே விலகியது. மாமா என்னை முடியைப் பிடித்து இழுத்தார். நாங்கள் தேயிலைக்குள் விழுந்து உருண்டபோது, பின்சுவர் உள்ளே சாய்ந்த சத்தம் கேட்டது.

லயத்தில் யாரும் சாகவில்லை. ஸ்டோரிலிருந்து ஓடிவந்த அப்பா எங்களைக் காணாமல், சேறு வழியும் வாசலில் நின்று அம்மாவின் பெயரைக் கத்தினார். நாங்கள் பின்னாலிருந்து கூப்பிட்டதும் திரும்பியவர், எங்களைத் தொடவில்லை, கதவைத்தான் தொட்டார்.

"காஞ்ச தேயிலத் தூள தெறந்துவச்சா நமத்துப்போகும்னு எனக்குத் தெரியாதா பாக்கியம்? தெனம் அதத்தானே பாக்குறேன். மரத்துக்கு மட்டும் எப்பிடி மறந்தேன்?"

அம்மா அவர் கையைக் கதவிலிருந்து எடுத்துவிட்டாள்.

பிறகு நாங்கள் இருந்த தகரக் கொட்டகைக்குக் கதவாகச் சாக்கு தொங்கியது. ஐப்பசி மழையில் ஒரு மாலை மறுபடியும் "வர்றாங்களாம்" என்று செய்தி வந்தது. அப்பா எழுந்து சாக்கை இழுத்துவிட்டார், கொஞ்சம் நின்றார், விலக்கினார், மறுபடியும் இழுத்தார். யாரும் வரவில்லை. ஆனால் அந்தக் கை சாக்கில் போய்வந்ததுதான் என் பிள்ளைப் பருவம் முழுவதும் என்று எனக்கு இன்று தோன்றுகிறது.

லயம் இருந்த இடத்தில் இப்போது கோரைப்புல். அப்பா இல்லை, பாஸ் இருக்கிறாரா என்று தெரியாது. கதவின் வைரப் பலகைகள் சேற்றோடு போயின. எங்கோ மண்ணுக்கடியில் உளுக்காமல் கிடக்கும், அதன் குணம் அது. என் வீட்டுக் கதவு தொழிற்சாலையில் செய்தது, வெயிலுக்கும் மழைக்கும் ஒரே அளவு. இருந்தாலும் மழை பிடித்தால் நான் எழுந்து போவேன். பூட்டியிருக்கிறதா என்று பார்க்க ஒருமுறை. திறக்கிறதா என்று பார்க்க இன்னொரு முறை.