பதினொரு நொடி மௌனமும் ஒரு பச்சைப் புள்ளியும்

பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அறையில்தான் பல்செட்காரருக்கு முப்பது வருஷமாகப் பிழைப்பு. டாக்டர் நோயாளி வாயில் அச்செடுத்து அனுப்புவார். இவர் மெழுகில் பல் அடுக்கி, செட்டாக்கிக் கொடுப்பார். ஊரில் பாதிப் பேர் இவர் தயவில்தான் சிரிக்கிறார்கள், ஆனால் இவர் முகம் ஒருத்தருக்கும் தெரியாது. அதனால் ஒவ்வொரு செட்டிலும் கடைசிப் பல்லுக்குப் பின்னால், ஈறு நிறத்தில் இருக்கும் இடத்தில், கடுகளவு பச்சைப் புள்ளி ஒன்று வைத்துவிடுவார். படம் வரைகிறவன் மூலையில் கையெழுத்துப் போடுகிறானே, அந்த மாதிரி.

பெரிய மனிதர்களைப் பற்றிய ஆவணப்படம் என்றாலே அவருக்கு எரிச்சல். "ஒருத்தன் மாத்தி ஒருத்தன் வந்து ஜால்ரா அடிப்பான். செத்தவரு தும்முனதுகூட ராகமா இருந்துச்சும்பான்" என்பார்.

அவர் மனைவி நேர் எதிர். ஒரு பாடகர் மேல் அவளுக்குப் பக்தி. கூடத்தில் அவர் படத்தை மாட்டி வைத்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "அந்தப் பல் வரிசையப் பாருங்க, கடவுளே உக்காந்து கோத்திருக்காரு" என்பாள். பல்செட்காரர் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். கோத்தது யாரென்று அவருக்கல்லவா தெரியும்?

இருபது வருஷத்துக்கு முன்னால் அந்தப் பாடகர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தார். செட்டைப் போட்டுப் பாடிப் பார்த்தால் கூடவே ஒரு விசிலும் வந்தது. பாடகர் விடவில்லை. ஏழு தடவை வந்து, முக்காலியில் உட்கார்ந்து, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினார். இவர் அரத்தால் ராவிக்கொண்டே இருந்தார். விசில் நின்றதும் பாடகர் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க வீட்டம்மாகிட்டகூடச் சொல்லக் கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

மூன்றே மாதத்தில் வந்தது வினை. பெரிய கச்சேரி, டிவியில் நேரடி ஒளிபரப்பு. உச்சத்தில் பாடகர் சட்டென்று நிறுத்தி, கண்ணை மூடி, வாயருகே கையைக் கொண்டுபோனார். பதினொரு நொடி மௌனம். மனுஷன் உருகிவிட்டார் என்று ஊரே அழுதது. கழன்று விழப்போன மேல்செட்டை அவர் நாக்கால் தூக்கி நிறுத்தியது பல்செட்காரர் கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்தது.

அதற்கப்புறம் பாடகர் அந்த அறைப் பக்கமே வரவில்லை. செட்டைக் குப்பையில் வீசிவிட்டு வேறு ஆளிடம் போயிருப்பார் என்று இவராகவே முடிவுகட்டிக்கொண்டார். ஒன்பது வருஷம் கழித்துப் பாடகர் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். இவர் நெஞ்சில் தைத்த முள் மட்டும் போகவில்லை. தன் தொழிலிலேயே பெரிய வேலை, அதுவும் சொதப்பல். சொல்லி அழவும் வழியில்லை, சத்தியம் இருக்கிறதே.

இப்போது அந்தப் பாடகரைப் பற்றிய ஆவணப்படம் தியேட்டருக்கு வந்திருந்தது. மனைவி இவரைத் தரதரவென்று இழுத்துப்போனாள்.

படம் அவர் பயந்தபடியேதான் இருந்தது. கச்சேரிக் காட்சி வந்ததும் பின்னணிக் குரல் தழுதழுத்தது. "அந்தப் பதினொரு நொடியில் இசையே மௌனத்தைக் கும்பிட்டது!" தியேட்டர் முழுக்க மூக்குறிஞ்சும் சத்தம். மனைவி கைக்குட்டையைப் பிழிந்தாள். இவர் சீட்டுக்குள் புதைந்துகொண்டார்.

அப்புறம் பாடகரின் படுக்கையறை, அவர் போன அன்று இருந்தபடியே. கட்டில், மூக்குக் கண்ணாடி, பாதி படித்த பேப்பர். பின்னணிக் குரல் எளிமையைப் பற்றி உபதேசம் செய்துகொண்டிருக்க, கேமரா ஒரு கிண்ணத்தின் மேல் ஒரு நொடி நின்றது. கிண்ணத்தில் ஒரு பல்செட் கவிழ்ந்து கிடந்தது. கடைவாய்ப் பல்லெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. கடைசிப் பல்லுக்குப் பின்னால், அந்த முப்பதடித் திரையில், பூசணிக்காய் அளவுக்கு ஒரு பச்சைப் புள்ளி.

பல்செட்காரர் எழுந்து நின்றுவிட்டார். அப்படித் தேய வேண்டுமென்றால் ஒன்பது வருஷமும் அதிலேயே மென்றிருக்க வேண்டும்!

"சார், உக்காருங்க, மறைக்குது!" என்றது பின்வரிசை.

மனைவி அழுகையை நிறுத்தியிருந்தாள். "ஏங்க, அந்தப் பச்சைப் புள்ளி..."

"நான் ஒண்ணும் சொல்லல."

"நீங்க என்ன சொல்றது? எங்கம்மா செட்டத் தெனமும் கழுவுறவ நான். எனக்குத் தெரியாதா?" அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இருபது வருஷமாவா வாயத் தொறக்காம இருந்தீங்க?"

"சத்தியம் பண்ணிட்டேன்."

"அப்ப அந்தப் பதினொரு நொடி?"

அவர் வாயைத் திறந்து, நாக்கை மேலண்ணத்தில் முட்டுக்கொடுத்துக் காட்டினார். அவள் ஒரு கணம் விழித்தாள். பிறகு அத்தனை பேர் அழுதுகொண்டிருந்த இடத்தில் குபுக்கென்று சிரித்துவிட்டாள்.

"ஐயோ பாவம், அத்தன பேரு முன்னால மனுஷன் எப்படிப் பதறியிருப்பாரு! அதோடயே பாட்டையும் முடிச்சாரே!"

பாடகரை அவள் மனுஷன் என்று சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

படம் முடிந்து வெளியே வந்ததும் பல்செட்காரர் நேராக டிக்கெட் கவுன்ட்டருக்கு நடந்தார்.

"எங்க போறீங்க? ஜால்ராப் படம்னீங்களே?"

"ஜால்ராதான்" என்றார். "அந்தக் கிண்ணம் வர்ற வரைக்கும் பாத்துட்டு வந்துரலாம், வா."