மேற்குச் சாரியின் நாற்பத்தோரு ஓட்டு

அமீருன்னிசாவுக்குப் பதின்மூன்று வயதில் கல்யாணம். புருஷன் பேர் முகைதீன் பிச்சை. மதுரை தெற்குவாசல் பக்கம் தகரப்பெட்டி செய்து விற்கிறவர். கல்யாணமான நாளிலிருந்து இருபத்தாறு வருஷமாக அந்தப் பேரை அவள் வாயால் சொன்னதில்லை. புருஷன் பேரைச் சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்பது அந்தத் தெருவின் சட்டம். அதற்கு அப்பீல் கிடையாது. வாசலில் யாராவது பிச்சை கேட்டு வந்தால்கூட, "கையேந்துறவரு வந்திருக்காரு, அரிசி போடு" என்பாள். மகள் சாயிரா பானு பிறந்த பிறகு சங்கடம் கொஞ்சம் தீர்ந்தது. அவர் "சாயிராவோட அத்தா" ஆகிவிட்டார்.

கல்யாணப் பெட்டிகளின் மூடியில் ரோஜாப்பூ வரைவது அவள் வேலை. பெயிண்ட் குச்சி கையில் ஓடும்போது வாயும் கூடவே ஓடும். மளிகைக்காரன், அரிசிக்காரி, சொந்த மாமியார், ஒருத்தரையும் விட்டுவைத்ததில்லை. அந்த ஒரு பேருக்கு முன்னால் மட்டும் ஊமை.

அந்தத் தெருவில் குழாய் இல்லை. வீட்டுப் பெண்கள் கோஷா, அந்நிய ஆண் கண்ணில் படக்கூடாது. குடத்தைத் தூக்கிக்கொண்டு பெரிய ரோட்டுக்குப் போக முடியாது. தோல்பையில் தண்ணீர் கொண்டுவருகிற ஒரே ஒரு ஆளை நம்பித் தெருவே குடித்தனம் நடத்தியது. அவருக்குக் காய்ச்சல் வந்தால் எண்பது வீட்டில் உலை ஏறாது. முனிசிபாலிட்டிக்கு ஆறு மனு போட்டாயிற்று. "உங்கள் கவுன்சிலர் மூலம் வரவும்" என்று பதில் வந்தது. கவுன்சிலர் ஒரு எண்ணெய்க்கடை முதலாளி. அவருக்கு அந்தத் தெரு எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. தெருவின் கிழக்குச் சாரியை ஒரு வார்டிலும் மேற்குச் சாரியை இன்னொரு வார்டிலும் சேர்த்திருந்தார்கள். ஒரே குடும்பத்துச் சோற்றை இரண்டு ஊரில் பந்தி வைத்த கதை. இரண்டு வார்டிலும் முஸ்லிம் ஓட்டு எடுபடவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில் சட்டம் மாறியது. வரி கட்டுகிறவனின் பெண்சாதிக்கும் ஓட்டு உண்டு என்றார்கள். மேற்குச் சாரியில் மட்டும் நாற்பத்தோரு பெண்கள். ஆண்கள் ஓட்டோடு இதைச் சேர்த்தால் ஜெயித்துவிடலாம் என்று தெருவே விரல் விட்டு எண்ணிப் பார்த்து, முகைதீன் பிச்சையை நிறுத்தியது. ஓட்டுச்சீட்டு போட அவருக்குப் பச்சைப் பெட்டி. ஜெயித்தால் முதல் வேலை குழாய்.

ஓட்டர் லிஸ்ட் எழுத ஒரு குமாஸ்தா வந்தார்.

"வீட்டம்மா பேரு?" என்று கேட்டார்.

"பேரு எதுக்கய்யா? என் பேரைப் போட்டு, பெஞ்சாதின்னு எழுதிக்கங்க" என்றார் முகைதீன் பிச்சை. தன் பெண்சாதி பேரை ஒரு அந்நிய ஆம்பளை காகிதத்தில் எழுதிக்கொண்டு போவதாவது! அவரே அப்படிச் சொன்ன பிறகு மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? லிஸ்டில் நாற்பத்தோரு பெஞ்சாதிகள் ஏறினார்கள். பேர் ஒருத்திக்கும் இல்லை.

ஓட்டு நாள் காலையில் அமீருன்னிசா நாலு வண்டிக்குத் திரை கட்டி, தெருவையே கிளப்பிவிட்டாள். பெண்களுக்குப் பள்ளிக்கூடத்தில் தனி அறை. "நீங்க முதல்ல போங்க, நான் கடைசில வாரேன். நிக்கிறவர் பெஞ்சாதி முந்திக்கிட்டு ஓடுனா நல்லாவா இருக்கும்?" என்றாள்.

முதலில் போனவள் லத்தீபா, முகம்மது கனியின் பெண்சாதி, புதுப்பெண். குமாஸ்தா லிஸ்டைப் புரட்டினார். "இதுல உன் பேரு இல்ல தாயி. புருஷன் பேரைச் சொன்னாத்தான் நீ யாருன்னு தெரியும்."

லத்தீபா ஓதும்போது தினம் நூறு தடவை சொல்கிற பேர்தான் முகம்மது. அதோடு கனியைச் சேர்க்கத்தான் வாய் வரவில்லை. "எங்க வீட்டுக்காரரு" என்றாள்.

எதிர்த்து நின்ற எண்ணெய்க்கடைக்காரரின் ஏஜெண்ட் முத்துக்கருப்பன் சிரித்தான். "ஊருல எல்லாப் பொம்பளைக்கும் வீட்டுக்காரருதேன். பேரு என்ன?"

குமாஸ்தா நல்ல மனுஷர். "பக்கத்துல இருக்கவங்க சொல்லட்டுமே" என்றார்.

"அதெப்படிங்க? அவுக வாயால சொல்லணும்" என்று ஏஜெண்ட் பிடித்துக்கொண்டான். ரூல் அவன் பக்கம் இருந்தது.

லத்தீபா திரும்பி வந்துவிட்டாள். அடுத்தவளும் வந்தாள், அதற்கடுத்தவளும். புருஷனை இழந்த மூன்று பேர் மட்டும், "செத்தவருக்கு இனிமே எங்க ஆயுசு குறையப் போகுது" என்று கணீரென்று பேரைச் சொல்லி ஓட்டுப் போட்டார்கள். மற்றவர்களில் பலர் ஒவ்வொரு வண்டியாக வீட்டுக்குத் திரும்பினார்கள்.

இதெல்லாம் நடக்கும்போது மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. அமீருன்னிசா அப்போதே உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தாழ்வாரத்தில் முக்காட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். அவர் மேல் அவளுக்கு அவ்வளவு உயிர். ஒரு குழாய்க்காக அவர் ஆயுளைப் பணயம் வைப்பதா? மூன்றரை மணிக்கு, "யா அல்லா, குறைக்கிறதா இருந்தா என்னோடதுல குறைச்சுக்க" என்று முனகிக்கொண்டு எழுந்து உள்ளே போனாள்.

"புருஷன் பேரு?"

"முகைதீன் பிச்சை."

இருபத்தாறு வருஷம் அடைத்து வைத்த பேர்; பக்கத்து வகுப்புக்கே கேட்டது. குமாஸ்தா சீட்டை நீட்டினார். பச்சைப் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

"சொல்லிட்டேன். ஒண்ணும் ஆகல. வாங்கடி!" என்றாள்.

தாழ்வாரத்தில் மிச்சமிருந்த பதினோரு பேரும் அவள் பின்னால் போனார்கள். லத்தீபா கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். வீட்டுக்குப் போன இருபத்தாறு பேரை அழைத்துவர அமீருன்னிசா வண்டி விட்டாள். வண்டி திரும்பி வருவதற்குள் நாலு மணி ஆகிக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

மறுநாள் எண்ணினார்கள். முகைதீன் பிச்சை ஒன்பது ஓட்டில் தோற்றார்.

சாயங்காலம் கடையில் கூட்டம். வார்டைப் பிரித்தது சதி என்றார்கள், எண்ணெய்க்கடைப் பணம் என்றார்கள், நம்மாளை என்றைக்கு ஜெயிக்க விட்டிருக்கிறார்கள் என்றார்கள். எதுவும் பொய்யில்லை. கூட்டம் கலைந்ததும் அவர் வீட்டுக்குள் வந்தார். முகம் சரியில்லை.

"அம்புட்டு ஆம்பளைக முன்னாடி என் பேரைச் சொன்னியாமே?"

"சொன்னேன்" என்றாள் அமீருன்னிசா. "மத்தியானமே சொல்லியிருந்தா இந்நேரம் குழாய் வந்த மாதிரிதான். பயந்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அது என் தப்பு, ஒத்துக்கிறேன்." அதோடு நிறுத்தவில்லை.

"லிஸ்ட் எழுத வந்தவர்கிட்ட நீங்க என் பேரைச் சொல்லியிருந்தா, என்கிட்ட உங்க பேரை எவன் கேட்டிருப்பான்?"